டயல் தொலைபேசி வாங்கலாமா?

கேள்வி: பழைய பொருள் கடையில் கறுப்பு நிற டயல் தொலைபேசி ஒன்றைப் பார்த்தேன். வாங்கிப் பழுதுபார்த்தால் இன்றைய இணைப்பில் பேச முடியுமா? – ஒரு வாசகர், மதுரை

பதில்: முடியும். ஆனால் பளபளக்கும் பித்தளையில் ‘புராதனம்’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் அலங்காரத்துக்காக அண்மையில் செய்யப்பட்டவை; 1948இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தொலைபேசித் தயாரிப்பு நிறுவனமான ஐ.டி.ஐ.யின் (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) முத்திரை இருப்பது நல்ல அறிகுறி. பேக்கலைட் (பழைய வகைக் கடின பிளாஸ்டிக்) உடலில் விரிசல் இருந்தால், என் கருத்தில், விலையே பேச வேண்டாம். 0வை முழுவதும் சுழற்றி விட்டுப் பாருங்கள்: டயல் திரும்பும்போது எண்ணுக்கேற்ப மின்துடிப்புகளை அனுப்பும், 0வுக்குப் பத்து; நொடிக்குப் பத்துத் துடிப்பு என்பதே கணக்கு ஆதலால், டயல் ஏறத்தாழ ஒரு நொடியில் திரும்ப வேண்டும்; தயங்கினால், உள்ளே காய்ந்துபோன எண்ணெயையும் தூசியையும் துடைத்தெடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இன்றைய ஃபைபர் கருவிகள் பலவற்றுக்கு இத்துடிப்புகள் புரியாது என்பதால், அவற்றைப் பொத்தான் தொலைபேசி எழுப்பும் தொனியாக மாற்றும் சிறு கருவி இடையில் தேவைப்படும்; வரும் அழைப்பை எடுத்துப் பேச அதுவும் வேண்டியதில்லை.