பிளம்பர் பயிற்சியும் உரிமத் தேர்வும்: ஒரு தாயின் கேள்விகளுக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடித்த தங்கள் மகன் ஐடிஐயில் பிளம்பர் பிரிவில் சேர விரும்புகிறான் என்றும், ‘செப்டிக் டேங்கில் இறங்கவா பிள்ளையை வளர்த்தாய்’ என்று உறவினர்கள் கேட்பது தங்களைத் தூங்கவிடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டின் சட்டம் குற்றம் என்கிறது; அதற்குச் சிறைத்தண்டனையும் உண்டு. பிளம்பரின் வேலை அதுவன்று. குடிக்கிற நீரில் அழுக்கு கலந்துவிடாமலும், கழிவுநீர் தேங்காமலும், அதன் வாயு வீட்டுக்குள் திரும்பாமலும் குழாய்களை அமைப்பதே அவருடைய வேலை. யார் சொன்னாலும், எவ்வளவு கூலி தந்தாலும், தொட்டிக்குள் இறங்கக் கூடாது என்பதைத் தங்கள் மகனுக்கு இப்போதே உறுதியாகச் சொல்லி வையுங்கள். உறவினர்களின் பேச்சைப் பொறுத்தவரை, இந்த வேலையை இழிவாகப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். அதற்காக ஒரு பையனின் விருப்பத்தை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிளம்பர் பிரிவு ஓராண்டுப் பயிற்சி. அரசு ஐடிஐ என்றால் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கிறது. ஆண்டு இறுதியில் நடக்கும் அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். இந்தத் தேர்வில் பெற்றோரும் மாணவரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. எழுத்துத் தேர்வை நினைத்தே எல்லோரும் பயப்படுகிறார்கள்; ஆனால் எழுத்துத் தேர்வில் தேர்ச்சிக்கு 33 விழுக்காடு போதும், செய்முறைத் தேர்விலோ 60 விழுக்காடு வேண்டும், கருணை மதிப்பெண் என்பதே இல்லை. ஆகவே பட்டறை வகுப்பைத் தவறவிடுகிற பையன்தான் உண்மையில் ஆபத்தில் இருக்கிறான்.

இனி, பாடத்தில் வரும் பிளம்பிங் விதிமுறைகளைப் பார்த்து அவன் திகைத்துப்போனதாக எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட தேசியக் கட்டடத் தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒன்பதாம் பகுதி பிளம்பிங் சார்ந்தது. அதைத் தவிர, கட்டடத்துக்குள் குடிநீர் வழங்கலுக்கு ஐஎஸ் 2065, கழிவுநீர் வடிகாலுக்கு ஐஎஸ் 1742, வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக் வகையான சிபிவிசி குழாய்க்கு ஐஎஸ் 15778, யுபிவிசி என்ற பிளாஸ்டிக் வகைக் குடிநீர்க் குழாய்க்கு ஐஎஸ் 4985 என்று தனித்தனி இந்தியத் தரங்கள் (ஐஎஸ்) இருக்கின்றன. இந்த எண்களை உருப்போட்டு ஒப்பிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் பிடிபட்டால் எண் தானாக நினைவில் நிற்கும், கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் பதில் வரும்.

வாட்டத்தையே, அதாவது குழாயின் சரிவையே, எடுத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று வேலைத்தலத்தில் பலர் நம்புகிறார்கள். தொகுப்போ இரண்டு பக்கமும் எல்லை வகுக்கிறது. நீர் வினாடிக்கு 0.75 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் திடக்கழிவு அடியில் படியாமல் அடித்துச் செல்லப்படும், 2.4 மீட்டருக்கு மேல் போனால் குழாய் அரிக்கப்படும். 100 மில்லிமீட்டர் குழாய்க்கு அந்தக் குறைந்தபட்ச வேகம் கிடைக்க 57க்கு 1 என்ற வாட்டம், அதாவது 57 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம், தேவை. குளியலறையிலிருந்து வெளியே இருக்கும் சேம்பர் (கழிவுநீர் வந்து சேரும் சிறு தொட்டி) வரை 6 மீட்டர் தூரம் என்றால், 6000ஐ 57ஆல் வகுக்க, ஏறத்தாழ 105 மில்லிமீட்டர் இறக்கம் வருகிறது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுவிட்டு, டியூப் லெவலை (நீர் நிரப்பிய, மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற குழாயை) வைத்துச் சுவரில் இரண்டு முனைகளையும் குறித்துப் பார்க்கும் மாணவன், எழுத்துத் தேர்வுக்கும் செய்முறைத் தேர்வுக்கும் ஒரே நேரத்தில் தயாராகிறான். குழாயின் விட்டத்தை மாற்றி, 150 மில்லிமீட்டருக்கு 100க்கு 1 என்ற அளவில் அதே கணக்கை மறுபடி போடச் சொல்லுங்கள்.

கழிவுநீர் வாயு வீட்டுக்குள் திரும்பாமல் தடுக்க நீர் தேங்கி நிற்கும் வளைவான டிராப்பும் அப்படித்தான். அதில் குறைந்தது 50 மில்லிமீட்டர் நீர் நிற்க வேண்டும் என்பது விதி. கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் வந்தால் குளியலறையில் நாற்றம் அடிக்கிறதே, அந்த நீர் வற்றிப்போனதுதான் பெரும்பாலும் காரணம். மேல்மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்யும்போது கீழ்வீட்டு டிராப்பின் நீர் உறிஞ்சப்படாமல் இருக்கவே காற்றுக்குழாய் வைக்கிறார்கள். வீட்டிலேயே இத்தனை பாடம் கிடக்கிறது. தண்ணீர்த் தேவைக் கணக்குக்கும் தங்கள் வீடு போதும்: நபருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கொண்டால் ஐந்து பேருக்கு 675 லிட்டர், அதில் ஆளுக்கு 45 லிட்டர் வீதம் 225 லிட்டர் கழிப்பறைக்கே போகும். மொட்டைமாடித் தொட்டியின் கொள்ளளவை அதோடு அவன் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு தங்கள் வீட்டில் இருந்தால், மாடியிலிருந்து குழி வரை அதன் குழாய்களை அவனே படமாக வரைந்து பழகலாம்.

சான்றிதழ் கையில் வந்ததும் எல்லாம் முடிந்துவிடாது. பிளம்பிங் பணியை உரிமம் பெற்ற பிளம்பரே செய்ய வேண்டும் என்றும், அவருக்கான தகுதியையும் தேர்வையும் அந்தந்த அதிகார அமைப்பே வகுக்க வேண்டும் என்றும் தேசியக் கட்டடத் தொகுப்பு கூறுகிறது. எனவே நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே உரிமத் தேர்வு என்று எதுவும் இல்லை. மாநகராட்சியோ குடிநீர் வாரியமோ இடத்துக்கு இடம் வேறு நிபந்தனை வைக்கும். தங்கள் ஊரின் நிபந்தனையை அந்த அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உரிமம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தரகர்களிடம் போகாதீர்கள். உரிமத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முன், 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டத்தின் கீழ் ஒரு கட்டுமான நிறுவனத்திலோ பராமரிப்புப் பிரிவிலோ அவன் தொழில் பழகுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அடுக்குமாடிக் கட்டடத்தின் குழாய் வரைபடத்தைப் படித்து வேலை செய்யும் வாய்ப்பு தெருவில் கிடைக்கும் சில்லறை வேலைகளில் வராது.

தங்கள் தம்பி பல ஆண்டுகளாகச் சான்றிதழ் எதுவும் இல்லாமல் இதே வேலை செய்கிறார் என்றும், மருமகனைத் தன்னோடு அனுப்பினால் போதும், ஐடிஐ எதற்கு என்று கேட்கிறார் என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். விடுமுறை நாட்களில் தாய்மாமனோடு அனுப்புங்கள். குழாய் முனையில் மரை வெட்டுவது, சால்வென்ட் என்ற குழாய்ப் பசை தடவிய இணைப்பை உலரும்வரை அசைக்காமல் பிடிப்பது போன்ற கைப்பழக்கம் அவரிடமிருந்து வரும். ஆனால் ஐடிஐக்கு அது மாற்று ஆகாது, ஏனெனில் ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற கேள்விக்கு அளவோடு பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் தேர்வு வசப்படும். தங்கள் தம்பிக்கும் ஒரு வழி இருக்கிறது: அனுபவத்தில் கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் முன்கற்றல் அங்கீகாரத் திட்டம் பிளம்பர் தொழிலுக்கும் உண்டு. மகனின் சேர்க்கைக்காக ஐடிஐக்குப் போகும் நாளில் அவரையும் உடன் அழைத்துச் சென்று, அருகில் எந்த மையத்தில் அந்த மதிப்பீடு நடக்கிறது என்று விசாரித்துவிடுங்கள்.