இருபதாம் திருமண நாளும் ஏழு இரவுப் பனிமலை விடுதியும்

கேள்வி: சுவிஸுக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகளாகின்றன. முதல் பத்து ஆண்டுகள் செயின்ட் மோரிட்ஸ், தாவோஸ் விடுதிகளின் சமையலறைகளில் கழிந்தன. பாத்திரம் கழுவுவதில் தொடங்கி உதவிச் சமையலாளரானேன். நான் அடுக்கி அனுப்பிய தட்டுகள் யாருடைய மேசைக்குப் போயின என்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. வரும் ஜனவரியில் எங்களுக்கு இருபதாவது திருமண நாள். அதை ஒட்டி, பிள்ளைகளின் பெப்ரவரி விடுமுறையில், செயின்ட் மோரிட்ஸில் ஓர் ஐந்து நட்சத்திர விடுதியில் ஏழு இரவுகள் தங்க விரும்புகிறேன். பிள்ளைகளுக்கு 15, 12 வயது. பள்ளி முகாமில் ஸ்கீ பழகியிருக்கிறார்கள். நானும் மனைவியும் ஒருநாளும் ஸ்கீ கட்டியதில்லை. இரண்டு அறைகளுக்கு 18,900 பிராங், நால்வருக்கும் ஸ்கீ அனுமதி, பயிற்சி, கருவி வாடகை 3,100, இரண்டு இரவு உயர்தர விருந்து 2,400, பயணமும் பிற செலவும் 2,000 என மொத்தம் 26,400 பிராங் வருகிறது. 14,000 பிராங் சேமிப்பில் 11,400 எடுத்து, மிகுதி 15,000 பிராங்கை 9 சதவீத வட்டியில் 36 மாதக் கடனாக வாங்கலாமா? இந்த ஆண்டு மூன்றாம் தூணுக்கு (வரிச்சலுகையுள்ள தனிப்பட்ட ஓய்வுகாலச் சேமிப்பு) பணம் கட்டாமல் விட்டால் கடனைக் குறைக்க முடியுமா? மனைவி மூன்று வீடுகளில், கிழமைக்கு நான்கு மணி நேரம் வீதம் துப்புரவு வேலை செய்கிறார். (விண்டர்தூர் வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தில் கணக்கை விட முக்கியமானது, தட்டு யாருடைய மேசைக்குப் போனது என்று பார்த்ததில்லை என்ற வரி. அதை வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலைப் படித்தால் ஒன்று புலப்படும்: நீங்கள் இருபத்தாறு ஆண்டுகளாகக் காத்திருந்த அந்த மேசைக்கு 26,400 பிராங்கில் 2,400 மட்டுமே செலவாகிறது. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் கட்டிலுக்குப் போகிறது. அதுவும் ஆண்டிலேயே கட்டில் மிக விலையேறியிருக்கும் கிழமைகளில். பெப்ரவரியில் சுவிஸ் மாநிலங்களின் விளையாட்டு விடுமுறையும் அண்டை நாடுகளின் பள்ளி விடுமுறைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. மூன்று நான்கு மாதப் பருவத்தில் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியை ஈட்ட வேண்டிய விடுதி அப்போது விலையைக் குறைக்காது என்பது, உள்ளே நின்று வேலை செய்த உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

செயின்ட் மோரிட்ஸின் குளிர்கால வணிகமே ஒரு பந்தயத்தில் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1864-இல் யோகன்னஸ் பாத்ருட் என்ற விடுதிக்காரர், கோடையில் வந்திருந்த ஆங்கிலேய விருந்தினர்களிடம், குளிர்காலத்திலும் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவை நானே தருகிறேன் என்றாராம். இன்று அப்படி உறுதி தருபவர் எவருமில்லை. உங்களுக்கு வந்திருக்கும் விலைப்பட்டியலில் இரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற பத்தியை வாசித்தாலே அது விளங்கும்.

ஆகவே மேசையையும் கட்டிலையும் பிரித்துவிடுங்கள். அந்த விடுதிகளில் உறங்காமலே அங்கே உண்ணலாம். 1896-இல் திறக்கப்பட்ட பாத்ருட்ஸ் பேலஸ் விடுதிக்குள், புகழ்பெற்ற சமையற்கலைஞர் அந்த்ரேயாஸ் கமினாடாவின் இக்னிவ் உணவகம் இருக்கிறது. இக்னிவ் என்றால் ரொமான்ஷ் மொழியில் கூடு. தட்டுகள் மேசையின் நடுவே வந்து, எல்லோரும் பகிர்ந்துண்ணும் முறை அங்கே இருப்பதால், இரண்டு பிள்ளைகளோடு போகிற உங்களுக்குப் பொருந்தும். ஆனால் கமினாடாவின் தலைமையிடம் செயின்ட் மோரிட்ஸில் இல்லை. உணவகங்களுக்கான உச்ச மதிப்பான மூன்று மிஷெலின் நட்சத்திரங்கள் பெற்ற அவருடைய ஷவுவென்ஸ்டைன் மாளிகை உணவகம், செயின்ட் மோரிட்ஸுக்குப் போகும் ரயில் பாதையிலுள்ள தூசிஸ் நிலையத்துக்கு அருகே, ஃபூர்ஸ்டனாவ் என்ற சிற்றூரில் இருக்கிறது. போகும் வழியில் ஒரு வேளை அங்கே, மலையில் ஒரு வேளை என்று அமைத்தால் 2,400 பிராங்கில் ஒரு பிராங்கையும் குறைக்க வேண்டியதில்லை. மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. உணவகங்கள் திறந்திருக்கும் நாட்களைப் பார்த்து, மேசை உறுதியான பிறகே ரயில் சீட்டு வாங்குங்கள்.

காலத்தையும் மாற்றுங்கள். திருமண நாள் ஜனவரியில்தானே வருகிறது? புத்தாண்டுக் கூட்டம் கலைந்து, பெப்ரவரி விடுமுறை தொடங்காத ஜனவரி நடுப்பகுதியில் கட்டில் விலை இறங்கும். பிள்ளைகளின் பள்ளிதான் தடை என்றால், உங்கள் சூரிச் மாநிலப் பள்ளிகள் ஆண்டுக்கு இரண்டு யோக்கர் நாட்களை, அதாவது காரணம் சொல்லாமல் எடுக்கக்கூடிய விடுப்பு நாட்களை, தருகின்றன. அவற்றைத் திங்கள், செவ்வாய்க்கு வைத்துக்கொண்டால் சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று இரவுகள் கிடைக்கும். தங்குவதற்குப் பக்கத்து ஊர்களான சமேதன் அல்லது பொன்ட்ரேசினாவில் நடுத்தர விடுதி ஒன்று போதும். அங்கிருந்து ரயிலில் சில நிமிடங்களில் செயின்ட் மோரிட்ஸுக்கு வந்துவிடலாம். ஸ்கீ அனுமதியைப் பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டு நாட்களுக்கு எடுங்கள். முன்கூட்டி வாங்குவோருக்கு அங்கே விலை குறையும். நீங்களும் மனைவியும் பயிற்சியாளருக்குப் பணம் கொடுத்து நாற்பது தடவை விழுவதை விட, அதே ரயில் பாதையிலுள்ள பிரேடாவிலிருந்து பெர்குன் வரை ஆறு கிலோமீட்டர் சறுக்குவண்டிப் பாதையில் நால்வருமாக இறங்கலாம். கீழே வந்ததும் ரயிலே மீண்டும் மேலே ஏற்றிவிடும்.

இனி உச்சவரம்புகளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: மேசைக்கு 2,400, கட்டிலுக்கு 2,100, பனிக்கு 1,200, பயணத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் 600. மொத்தம் 6,300 பிராங். இவை நான் விசாரித்துச் சொல்லும் விலைகள் அல்ல, நீங்கள் தாண்டக்கூடாத கோடுகள். அறை கோட்டைத் தாண்டினால் ஓர் இரவைக் குறையுங்கள், மேசையைத் தொடாதீர்கள்.

கடனைப் பற்றி. 15,000 பிராங்கை 9 சதவீதத்தில் 36 மாதங்களில் அடைக்க, மாதம் சுமார் 477 பிராங் கட்ட வேண்டும். முடியும்போது வட்டி மட்டும் 2,170 பிராங் அளவில் போயிருக்கும். அதாவது நீங்கள் ஆசைப்பட்ட இரண்டு விருந்துகளின் விலை ஏறக்குறைய முழுவதும் வட்டியாகிறது. கடன் வட்டியை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்று கடன் முகவர் சொல்வார். உண்மைதான், ஆனால் கழிவதில் ஒரு சிறு பங்குதான் உங்கள் கைக்குத் திரும்பும். நுகர்வோர் கடன் சட்டப்படி 36 மாதங்களில் உங்களால் அடைக்க முடியுமா என்று வங்கி சோதித்தே கடன் தரும். அந்தச் சோதனையில் தேறுவது கட்ட இயலும் என்பதற்கு மட்டுமே சான்று. ஒருவேளை ஏற்கனவே கையொப்பமிட்டிருந்தால், பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூலம் விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

பயணத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் கட்டச் சம்மதித்த அந்த 477 பிராங்கை, பயணத்துக்கு முன் வரும் மார்ச் முதல் டிசம்பர் வரை தனிக் கணக்கில் போடுங்கள். பத்து மாதத்தில் 4,770 சேர்ந்துவிடும். மிகுதி 1,530 பிராங்கை டிசம்பரில் கூடுதலாக வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்திலிருந்து எடுங்கள்; அதன் மற்றப் பகுதி வரிக்கு என்று ஒதுக்கியிருப்பீர்கள் என நம்புகிறேன். 14,000 பிராங் சேமிப்பு அப்படியே நிற்கட்டும். நீங்கள் நினைத்தபடி 11,400 எடுத்திருந்தால் நால்வர் குடும்பத்துக்கு மிஞ்சியிருப்பது 2,600 பிராங்; பல் மருத்துவர் ஒருமுறை வாயைத் திறக்கச் சொன்னாலே அது போய்விடும்.

மூன்றாம் தூணை நிறுத்த வேண்டிய தேவையே இப்போது இல்லை. 2026-க்கான உச்சவரம்பு, வேலையிட ஓய்வூதிய நிதியில் சேர்ந்திருப்பவர்களுக்கு, 7,258 பிராங். அதை முழுதாகக் கட்டுபவரின் வருமானத்தின் மேற்பகுதிக்கு வரி 20 சதவீதம் என்று கொண்டால், ஆண்டுக்கு 1,450 பிராங் அளவு வரி குறையும். 2025 முதல் ஏற்படும் இடைவெளிகளைப் பத்து ஆண்டுகளுக்குள் பிறகு நிரப்பலாம் என்று விதி தளர்ந்திருப்பது உண்மை. ஆனால் நிரப்பும் ஆண்டில் அந்த ஆண்டுக்குரிய முழுத் தொகையையும் முதலில் கட்டியிருக்க வேண்டும். ஒரே ஆண்டில் இரண்டையும் கட்டும் வசதி உங்கள் வருமானத்தில் எளிதாக வராது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஒரே முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்பவருக்குத்தான், வேலைக்கு வெளியே நேரும் விபத்தும் முதலாளியின் காப்புறுதியில் அடங்கும். உங்களுக்கு அது உண்டு. உங்கள் மனைவி மொத்தம் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தாலும் எந்த வீட்டிலும் எட்டு மணி நேரம் செய்யாததால் அவருக்கு அது இல்லை; சறுக்குவண்டியில் கால் முறிந்தால் அவருடைய கிராங்கன்காசா எனப்படும் மருத்துவக் காப்புறுதிதான் பொறுப்பு, அதுவும் விபத்துப் பகுதி சேர்க்கப்பட்டிருந்தால். மாதக் கட்டணத்தைக் குறைக்க அந்தப் பகுதியை நீக்கியவர்கள் நம்மிடையே பலர். அடிப்படைக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியை, ஆண்டுக்கு 5,000 பிராங் வரை மட்டுமே தரும். செயின்ட் மோரிட்ஸ் இருக்கும் எங்காடின் பகுதியில் சமேதன் தளத்திலிருந்து ரேகா என்ற வான்வழி மீட்பு அமைப்பின் ஹெலிகாப்டர்கள் பறக்கின்றன, ஆகவே குடும்பமாக ரேகாவுக்கு ஆண்டு ஆதரவாளராகிவிடுங்கள். மனைவியின் காப்புறுதிப் பத்திரத்தை இன்றே எடுத்து, விபத்து என்ற சொல்லுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்; நீக்கப்பட்டிருந்தால் மீண்டும் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதினால் போதும்.