லெமன் பட்டன் பெரணியின் (ஃபெர்ன் செடி) இலையோரம் ஏன் கருகுகிறது? வீட்டுக்குள் எப்படி வளர்ப்பது?

பெரும்பாலும் காற்றின் வறட்சிதான் காரணம். ஒரு அடி உயரத்துக்குள் அடங்கும் இந்தச் சிறு பெரணிக்கு 50 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும். ஏசி காற்றோ மின்விசிறிக் காற்றோ நேராகப் பட்டால் மெல்லிய இலைகள் ஒரே வாரத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும். தண்ணீர் தெளிப்பதால் பெரிய பலன் இல்லை. அது சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். வெளிச்சமுள்ள குளியலறையில் வைப்பது எவ்வளவோ மேல்.

அடுத்த காரணம் உப்பு. போர்வெல் தண்ணீரின் உப்பு மண்ணில் சேர்ந்து இலை நுனியைக் கருக்கும். மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். தென்னை நார்க்கழிவிலும் உப்பு உண்டு, அதனால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். அது 2 பங்கு, மண்புழு உரம் 1, பெர்லைட் (நீர் வடிய உதவும் லேசான வெள்ளைக் குருணை) 1 என்று கலந்தால் ஈரம் நிற்கும், வேரும் அழுகாது.

மேல்மண்ணை விரலால் தொட்டு, காயத் தொடங்கும்போதே ஊற்றுங்கள். முழுக்கக் காயவிட்டால் சிற்றிலைகள் உதிரும், அந்தக் காம்பில் மறுபடி துளிர்க்காது. அதை அடியோடு வெட்டிவிடுங்கள். நடுவிலிருந்து சுருண்ட புது இலை வரும்.

கிழக்கு ஜன்னல் வெளிச்சம் போதும், உச்சிவெயில் ஆகாது. திரவ உரத்தை, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியாக, மாதம் ஒருமுறை கொடுக்கலாம்.

இலைக்கடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பயப்படாதீர்கள், அவை பெரணி இனம்பெருக்கும் வித்துப்பைகள். காம்பில் தாறுமாறாக ஒட்டி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வருவதுதான் சாறு உறிஞ்சும் செதிள் பூச்சி.