மெய்நிகர் கணினிக்கு எத்தனை கோர், எவ்வளவு ரேம்? கேள்வி பதில்

விஎம்முக்கு, அதாவது மெய்நிகர் கணினிக்கு, சிபியு, மெமரி ஒதுக்குவது பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு இன்று உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். டிஸ்க், நெட்வொர்க், கிராபிக்ஸ் மூன்றும் என் பாடம் இல்லை. "ஸ்லோவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. ஹோஸ்டில் (விஎம்மைத் தாங்கும் நிஜக் கணினி) எத்தனை கோர், எவ்வளவு ரேம், எந்த ஹைப்பர்வைசர் (விஎம்மை ஓட்டும் மென்பொருள்), என்ன வேலை ஓடும்போது சுணங்குகிறது, இந்த நாலும் வேண்டும்.

வைகறை: லேப்டாப்பில் 4 கோர், 8 த்ரெட், 16 ஜிபி ரேம். விண்டோஸ் 11 மேல் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு உபுண்டு ஓட்டுகிறேன். 8 சிபியுவும் 12 ஜிபியும் கொடுத்தும் மவுஸ்கூடத் திணறித் திணறித்தான் நகர்கிறது.

கொடுத்தும் அல்ல, கொடுத்ததால்தான். உங்களிடம் இருப்பது 4 கோர். ஹைப்பர்த்ரெடிங் ஒரு கோரை இரண்டாகக் காட்டும், ஆனால் உள்ளே கணக்குப் போடும் பகுதி ஒன்றுதான். உபுண்டு எட்டையும் பிடித்துக்கொண்டால் விண்டோஸுக்கும், விஎம்மின் திரையை வரைந்து மவுஸ் அசைவைக் கடத்துகிற விர்ச்சுவல்பாக்ஸுக்கும் எப்போது முறை வரும்? 2 சிபியுவில் தொடங்குங்கள், போதாவிட்டால் 3. ரேம் 6 ஜிபி போதும். 12 ஜிபியைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் மீதி 4 ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் அடங்காது. ஹோஸ்ட் ரேம் போதாமல் டிஸ்கில் உள்ள பேஜ்ஃபைலுக்குப் போகும் (இதுதான் ஸ்வாப்), அதோடு கெஸ்டும் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்) சேர்ந்து தவிக்கும். ஹோஸ்டை ஸ்வாப்புக்குத் தள்ளாதீர்கள். இதை இன்று பலமுறை சொல்வேன்.

இன்னொன்றும் பாருங்கள். விஎம் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமை ஒன்று தெரிகிறதா? தெரிந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் பிராசஸரில் விஎம்முக்கென உள்ள விடி-எக்ஸ் வசதியை நேரடியாகப் பயன்படுத்தவில்லை, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி மேல் ஏறி ஓடுகிறது என்று அர்த்தம். டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), மெமரி இன்டெக்ரிட்டி (விண்டோஸ் பாதுகாப்பு வசதி) போன்றவை இயங்கினால் இப்படி ஆகும். அவற்றை அணைத்து ஹைப்பர்-வியையும் நிறுத்தினால் வேகம் நன்றாகவே கூடும். ஆனால் டபிள்யூஎஸ்எல்2 வேலை செய்யாது, ஒரு பாதுகாப்பு அடுக்கும் போய்விடும். அலுவலக லேப்டாப் என்றால் தொடாதீர்கள்.

சாளரம்: கேவிஎம்மில் (லினக்ஸின் ஹைப்பர்வைசர்) விண்டோஸ் 10 ப்ரோ. 4 சிபியு கொடுத்தேன், டாஸ்க் மேனேஜர் 2தான் காட்டுகிறது. டிரைவர் பிரச்சினையா?

இல்லை. 4 சாக்கெட் (சிப் பொருத்தும் இடம்), ஒவ்வொன்றிலும் 1 கோர் என்று அமைத்திருப்பீர்கள். ப்ரோ பதிப்பு 2 சாக்கெட்டுக்கு மேல் பார்க்காது, ஹோம் ஒன்றுதான். 1 சாக்கெட், 4 கோர் என்று மாற்றுங்கள், நாலும் தெரியும்.

வழிப்போக்கன்: ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு டிஸ்க் மெதுவாகிவிட்டது.

டிஸ்க் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

இரவுப்பணி: 16 கோர் சர்வர், விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசர். பத்து விஎம், ஒவ்வொன்றிலும் 8 விசிபியு (விஎம்முக்குக் காட்டும் சிபியு). எந்த விஎம்முக்குள் போய்ப் பார்த்தாலும் சிபியு 30 சதவீதம்தான். ஆனால் எல்லாரும் ஸ்லோ என்கிறார்கள். எங்கே பார்ப்பது?

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். விஎம்முக்குள் தெரியும் சதவீதத்தை நம்பாதீர்கள். கெஸ்ட் ஓடத் தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் வரிசையில் நின்ற நேரம் அதற்குத் தானாகத் தெரியாது. அதை ஹோஸ்ட்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது 'சிபியு ரெடி'. கேவிஎம்மில் ஹோஸ்டே அதை லினக்ஸ் கெஸ்டுக்குத் தெரிவிக்கும்; கேவிஎம் ஆட்கள் கெஸ்டுக்குள் டாப் கட்டளையில் கடைசியாக வரும் எஸ்டி எண்ணைப் பாருங்கள், அதுதான் ஸ்டீல்.

ஈஎஸ்எக்ஸ்ஐயை நிர்வகிக்கும் விசென்டரின் ரியல்டைம் வரைபடம் ரெடியை மில்லிசெகண்டில் காட்டும், ஒவ்வொரு புள்ளியும் 20 நொடிக்கானது. அதாவது 20,000 மில்லிசெகண்டில் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். ஒரு விஎம்முக்கு 8,000 என்று காட்டினால் 40 சதவீதம். பயந்துவிடாதீர்கள், அது 8 விசிபியுவுக்கும் சேர்த்து. ஒன்றுக்கு 5 சதவீதம். அந்த 5-ஐத் தாண்டினால் நான் கவனிக்க ஆரம்பிப்பேன், 10-ஐத் தாண்டினால் பயனர்கள் புகார் சொல்வது நியாயம்.

உங்களிடம் 16 கோருக்கு 80 விசிபியு, ஒன்றுக்கு ஐந்து. 30 சதவீதம்தான் ஓடுகிறது என்றால் பெரும்பாலானவற்றுக்கு 3 அல்லது 4 விசிபியு போதும். குறைத்த பிறகு உள்ளே 30 என்பது 60, 80 என்று ஏறும். அதைப் பார்த்துப் பதறித் திரும்பக் கூட்டாதீர்கள். செயலியின் பதில் நேரம் குறைந்ததா என்று மட்டும் பாருங்கள்.

கர்னல்காரன்: இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. வேலை இல்லாத விசிபியு ஹால்ட் ஆகி, ஹோஸ்டில் தூங்கும் த்ரெட்டாகிவிடும். அதற்குச் செலவே கிடையாது. அதிகம் கொடுத்தால் நஷ்டம் என்பது பழங்கதை.

தூங்கும் விசிபியுவுக்குச் செலவு மிகக் குறைவு, சரி. ஆனால் எட்டும் தூங்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கெஸ்டின் ஷெட்யூலருக்கு (வேலையைப் பங்கிடும் பகுதி) 8 சிபியு தெரிந்தால் வேலையை எட்டிலும் பரப்பும். மேலே ஓடும் மென்பொருளும் சிபியு எண்ணிக்கையைப் பார்த்துத்தான் த்ரெட் திறக்கிறது. ஜாவாவின் குப்பை சேகரிப்பு (பயன் முடிந்த மெமரியை மீட்பது) த்ரெட்டுகளும், ஆட்டோ என்று விட்ட என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் வொர்க்கர்களும் அப்படித்தான்.

இன்னொரு நஷ்டம் லாக்கில் வருகிறது, அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 3-ஆம் எண் விசிபியு, கர்னலின் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) ஸ்பின்லாக் ஒன்றைப் பிடித்திருக்கிறது; ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு அது, மற்றவர் சுற்றிச் சுற்றிக் காத்திருப்பார். சில மைக்ரோசெகண்டில் விட்டுவிடும். அதற்குள் ஹோஸ்ட் அதைக் கோரிலிருந்து இறக்கி வேறொரு விஎம்முக்கு இடம் கொடுக்கிறது. மறுபடி முறை வர மில்லிசெகண்டுகள் ஆகும். அதுவரை 0, 1, 5 எண் விசிபியுக்கள் மூன்றும் அந்த லாக்குக்காகச் சும்மா சுற்றிக்கொண்டு மூன்று நிஜக் கோர்களைத் தின்னும். கெஸ்டுக்குள் பார்த்தால் அது சிஸ்டம் நேரம் என்று கணக்காகும், யாருக்கும் சந்தேகம் வராது. டிஎல்பி ஷூட்டவுனும் (டிஎல்பி என்ற முகவரி கேஷில் பழையதை அழிப்பது) இதே மாதிரிதான். ஒரு விசிபியு பேஜ் டேபிளை (மெமரி முகவரிப் பட்டியல்) மாற்றினால் மற்றவற்றுக்கு இன்டரப்ட் அனுப்பிவிட்டு எல்லாம் பதில் சொல்லும்வரை காத்திருக்கும். அதில் ஒன்று வரிசையில் நின்றால் போச்சு.

கர்னல்காரன்: பாஸ் லூப் எக்ஸிட்டிங் பிராசஸரிலேயே வந்துவிட்டது. பாராவர்ச்சுவல் ஸ்பின்லாக்கும் இருக்கிறது. நீங்கள் சொன்னது தீர்ந்த பிரச்சினை.

குறைந்த பிரச்சினை, தீர்ந்தது அல்ல. பாஸ் லூப் எக்ஸிட்டிங் "இவன் வெகுநேரமாகச் சுற்றுகிறான்" என்று கண்டுபிடித்து ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கும். லாக்கைப் பிடித்திருப்பது எது என்று அதற்குத் தெரியாது, ஹைப்பர்வைசர் ஊகித்துத்தான் வேறொரு விசிபியுவை ஓடவிடும். ஒவ்வொரு முறை வெளியே வந்து போவதற்கும் செலவு உண்டு. பாராவர்ச்சுவல் ஸ்பின்லாக்கில் காத்திருப்பவர் தூங்கப் போவார், கோர் மிச்சமாகும். ஆனால் லாக்கைப் பிடித்தவர் கோர் கிடைத்துத் திரும்பும்வரை வேலை நகராது.

ஒரு இடத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி: மொத்த விசிபியு நிஜக் கோர்களைத் தாண்டாத ஹோஸ்ட். 16 கோரில் எல்லா விஎம்மும் சேர்ந்து 12 என்றால் யாரையும் குறைக்கச் சொல்லமாட்டேன். இரவுப்பணியின் சர்வர் அப்படிப்பட்டது அல்ல.

தூண்டில்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஈஎஸ்எக்ஸில் (ஈஎஸ்எக்ஸ்ஐயின் முன்னோடி) 8 கோரும் ஒரே நேரத்தில் காலியானால்தான் 8 விசிபியு விஎம் ஓடும் என்று படித்தேன். அப்போது கர்னல்காரன் சொல்வது தப்புதானே?

இதில் நான் கர்னல்காரன் பக்கம். நீங்கள் படித்தது ஈஎஸ்எக்ஸ் 2 காலத்துக் கதை. ஈஎஸ்எக்ஸ் 3-இலேயே அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள். இன்று ஒரு விசிபியு மற்றவற்றைவிட ரொம்ப முன்னால் ஓடிவிட்டால் மட்டும் அதை நிறுத்திவைப்பார்கள். அந்த நேரம்தான் கோ-ஸ்டாப், ஈஎஸ்எக்ஸ்டாப் கட்டளையில் தனி எண்ணாகத் தெரியும். விசிபியுவைக் குறைத்தால் ரெடியோடு அதுவும் இறங்கும்.

இந்த வாதத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம், வரிசையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பனித்துளி: 16 ஜிபி லேப்டாப். விஎம்முக்கு எவ்வளவு ரேம்?

வைகறைக்குச் சொன்னதேதான்.

ஒற்றையடி: ப்ராக்ஸ்மாக்ஸில் (கேவிஎம் மேலாண்மைத் தளம்) பலூனிங் ஆன் செய்து, 64 ஜிபி ஹோஸ்டில் மொத்தம் 90 ஜிபி ஒதுக்கியிருக்கிறேன். ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஒரு ஜாவா செயலி, மீதி சின்னச் சின்ன விஎம்கள். சில நேரம் ஜாவா விஎம் நிமிடக்கணக்கில் உறைந்துவிடுகிறது.

அந்த இரண்டுக்கும் பலூனை நிறுத்துங்கள், குறைந்தபட்சமும் அதிகபட்சமும் ஒரே எண்ணாக இருக்கட்டும். பலூன் டிரைவர் கெஸ்டுக்குள் இருந்துகொண்டு மெமரியைக் கேட்டு வாங்கி ஹோஸ்டிடம் கொடுக்கும். கெஸ்ட் முதலில் பேஜ் கேஷை (டிஸ்க் கோப்புகளுக்கு ரேமில் வைத்திருக்கும் நகல்) விட்டுக்கொடுக்கும், அதுவும் தீர்ந்தால் ஸ்வாப் செய்யும். கேஷை நம்பி ஓடும் போஸ்ட்கிரெஸுக்கு முதல் கட்டமே அடி. ஜாவா இன்னும் மோசம். ஹீப் (தன் தரவுக்கு ஜாவா வைத்திருக்கும் மெமரி) அளவைத் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்த ரேமிலிருந்து முடிவு செய்துவிடும், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அதில் கால்பங்கு. பிறகு பலூன் எவ்வளவு பிடுங்கினாலும் அதற்குத் தெரியாது. முழுக் குப்பை சேகரிப்பு வரும்போது ஹீப் முழுவதையும் தொட்டுப் பார்க்கும். அதில் ஒரு பகுதி ஸ்வாப்பில் இருந்தால் நீங்கள் பார்க்கும் உறைவுதான்.

பலூனால் முடியாமல் ஹோஸ்டே ஸ்வாப் செய்ய ஆரம்பித்தால் நிலைமை கைமீறும். எந்த மெமரிப் பக்கம் (பேஜ்) முக்கியம் என்று கெஸ்டுக்குத் தெரியும், ஹோஸ்டுக்குத் தெரியாது. மறுபடி சொல்கிறேன், ஹோஸ்டை ஸ்வாப்புக்குத் தள்ளாதீர்கள். சின்ன விஎம்களில் பலூன் இருந்துவிட்டுப் போகட்டும்.

நடுவெயில்: ஹியூஜ் பேஜ் (பெரிய மெமரிப் பக்கம்) போட்டால் நிஜமாகவே பலன் உண்டா?

பெரிய மெமரி விஎம்முக்கு உண்டு. விஎம்முக்குள் ஒரு முகவரியைத் தேட கெஸ்டின் டேபிள், ஹோஸ்டின் டேபிள் இரண்டையும் நடக்க வேண்டும். இரண்டும் நான்கு அடுக்கு என்றால், டிஎல்பியில் கிடைக்காதபோது மோசமான நிலையில் 24 முறை மெமரியைத் தொட வேண்டியிருக்கும். விஎம் இல்லாமல் என்றால் 4. 4 கேபிக்குப் பதில் 2 எம்பி பக்கம் என்றால் டிஎல்பி தவறுவதும் குறையும், நடையும் குறையும். 16 ஜிபி விஎம்முக்கு 8,192 பக்கங்கள், ஹோஸ்ட் பூட் ஆகும்போதே ஒதுக்கிவிடுங்கள், பின்னால் கேட்டால் தொடர்ச்சியான இடம் கிடைக்காமல் போகலாம். ஆனால் அப்படிக் கட்டிய மெமரியை ஸ்வாப் செய்ய முடியாது, கேஎஸ்எம்மும் (ஒரே மாதிரியான பக்கங்களை விஎம்களுக்குள் பகிரும் வசதி) அதைப் பகிராது. சின்ன விஎம்களுக்கு டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜே (கர்னல் தானாகத் தருவது) போதும்.

தொடுவானம்: விஎம்முக்குள் என்க்ரிப்ஷன் மட்டும் படுமெதுவு. சிபியு வகை கேவிஎம்64 என்று இருக்கிறது.

காரணம் அதேதான். அந்த வகை, என்க்ரிப்ஷனுக்கென பிராசஸரில் உள்ள ஏஇஎஸ் கட்டளைகளை கெஸ்டுக்குக் காட்டாது, எல்லாம் மென்பொருளிலேயே நடக்கிறது. 'ஹோஸ்ட்' என்று மாற்றி, விஎம்மை முழுதாக அணைத்துப் போடுங்கள். லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை வேறு சர்வருக்கு நகர்த்துவது) செய்கிற கிளஸ்டர் என்றால் 'ஹோஸ்ட்' வேண்டாம், எல்லா முனைகளுக்கும் பொதுவான, ஏஇஎஸ் உள்ள ஒரு வகையை எடுங்கள்.

அகல்: 8 கோர், 32 ஜிபி. எவ்வளவு கொடுக்கலாம்?

என்ன ஓட்டப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. நாலு விவரம் கேட்டிருந்தேன். அவற்றோடு வாருங்கள்.

மேற்கூரை: இரண்டு சாக்கெட், ஒவ்வொன்றிலும் 12 கோரும் 128 ஜிபியும். விஎம்வேர் விஸ்பியர் 7. டேட்டாபேஸ் விஎம்முக்கு 16 விசிபியு, 96 ஜிபி. சில குவெரிகள் ஒரு நாள் வேகம், மறுநாள் மந்தம்.

16 விசிபியு ஒரு சாக்கெட்டில் அடங்காது, விஎம் இரண்டு நியூமா முனைகளில் (ஒரு சாக்கெட்டும் அதன் அருகிலுள்ள மெமரியும் ஒரு முனை) பரவுகிறது. மெமரி ஒரு பக்கம், அதைக் கேட்கும் கோர் மறுபக்கம் என்றால் ஒவ்வொரு அணுகலும் சாக்கெட்டைத் தாண்டிப் போகும். 12-க்குக் குறைக்க முடிந்தால் குறையுங்கள், 96 ஜிபி ஒரு முனையில் அடங்கும். முடியாதென்றால், சிபியு ஹாட் ஆட் (விஎம் ஓடும்போதே சிபியு கூட்டும் வசதி) ஆன் செய்திருக்கிறதா பாருங்கள். உங்கள் பதிப்பில் அது ஆன் ஆனாலே விநியூமா (முனைகளைக் கெஸ்டுக்குக் காட்டும் வசதி) போய்விடும். கெஸ்டுக்கு எல்லாம் ஒரே முனையாகத் தெரியும், டேட்டாபேஸால் தன் மெமரியைப் பிரித்து வைக்க முடியாது. "எதற்கும் இருக்கட்டும்" என்று ஹாட் ஆட் போடுகிறவர்கள் எல்லாரும் இதைக் கவனிக்க வேண்டும்.

கிளிஞ்சல்: எம்1 (ஆர்ம் வகை சிப்) மேக்கில் எக்ஸ்86 விண்டோஸ் விஎம். எத்தனை கோர் கொடுத்தாலும் நத்தை வேகம்.

அது எமுலேஷன் (வேறு வகை சிப்பை மென்பொருளில் நடிப்பது), கோர் கூட்டித் தீராது. ஆர்ம் விண்டோஸ் போடுங்கள்.

ஈரமண்: டபிள்யூஎஸ்எல்2-இன் விஎம்மெம் பிராசஸ் பாதி ரேமை விழுங்குகிறது. கெஸ்டுக்குள் ஃப்ரீ கட்டளை கொடுத்தால் காலி ரேம் கொஞ்சம்தான்.

ஃப்ரீயில் 'அவைலபிள்' நெடுவரிசையைப் பாருங்கள். மீதி பெரும்பாலும் பேஜ் கேஷ், தேவை வந்தால் லினக்ஸ் விட்டுவிடும். பாதி ரேம் என்பதுதான் அதன் இயல்பான உச்சவரம்பு. குறைக்க வேண்டுமென்றால் உங்கள் யூசர் ஃபோல்டரில் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் மெமரி, பிராசஸர்ஸ் இரண்டு வரிகளையும் எழுதி, டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் செய்து திரும்பத் திறங்கள். டெர்மினலை மூடினால் மட்டும் உடனே அமலுக்கு வராது.