டோக்கன் அட்வான்ஸை புரோக்கர் எண்ணுக்கு அனுப்பலாமா?

கேள்வி: வேளச்சேரியில் மாதம் 30,000 ரூபாய் வாடகைக்கு ஒரு அபார்ட்மென்ட் வீடு பார்த்திருக்கிறோம். உரிமையாளர் துபாயில் இருக்கிறார். 10 மாத அட்வான்ஸ். இன்று மாலைக்குள் 25,000 ரூபாய் டோக்கனைத் தன் எண்ணுக்கு அனுப்பினால்தான் வீட்டை நிறுத்தி வைக்க முடியும் என்கிறார் புரோக்கர். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். டோக்கன் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அது உரிமையாளர் கணக்கில் விழ வேண்டும். புரோக்கருக்குச் சேர வேண்டியது அவருடைய கமிஷன் மட்டும்தான், அதுவும் ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு. 'மாலைக்குள்' என்று அவசரப்படுத்துவது, நீங்கள் தாள்களைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

கேட்க வேண்டியவை: சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, கிரயப் பத்திரத்தின் முதல் பக்கம். பத்திர எண்ணும் ஆண்டும் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் காசில்லாமல் பார்த்துவிடலாம். இப்போதைய உரிமையாளர் யார், வங்கியில் அடமானம் இருக்கிறதா என்பது அதில் வந்துவிடும். மின் இணைப்பு பல வீடுகளில் இன்னும் பில்டர் பெயரிலேயே கிடக்கும். அது மட்டும் பொருந்தவில்லை என்றால் பதற வேண்டாம்.

பெயர் சரியாக இருந்தால் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, முதலில் 1 ரூபாய் அனுப்புங்கள். வங்கி காட்டும் பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மீதியை அனுப்பும் முன், "இந்த 25,000 அட்வான்ஸில் கழியும், உரிமையாளர் தரப்பில் வீடு தர மறுத்தால் முழுதாகத் திரும்ப வரும்" என்று உரிமையாளரிடமிருந்தே வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள்.

இனி, உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் பந்தயம் கட்டும் விஷயம். உரிமையாளர் உள்ளூர்க்காரர் என்றால் மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் டிடிஎஸ், அதாவது வாடகையிலேயே வரியைப் பிடித்து நீங்கள் அரசுக்குக் கட்டுவது. வருமான வரிச் சட்டப்படி அவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் அந்த வரம்பே கிடையாது. முதல் ரூபாயிலிருந்து பிடிக்க வேண்டும். விகிதம் பொதுவாக 31.2 சதவீதம். உங்கள் 30,000 வாடகையில் 9,360 ரூபாய் அரசுக்கு, 20,640 அவருக்கு. இதற்காக நீங்கள், வரி பிடிப்பவர்களுக்கென்று வரித்துறை தரும் டேன் எண்ணை வாங்க வேண்டும், பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். மாதச் சம்பளக்காரர் ஒருவர் வாடகை கட்டுவதற்கு ஒரு கம்பெனி கணக்குப்பிள்ளையின் வேலையைச் செய்ய வேண்டுமாம்! ஆனால் பிடிக்காமல் விட்டால் வரித்துறை உங்களைத்தான் கேட்கும், துபாய்க்காரரை அல்ல. "எங்க அம்மா கணக்குல போட்டுடுங்க" என்பார்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போனாலும் வருமானம் உரிமையாளருடையதுதான், உங்கள் பொறுப்பு மாறாது. வரி அதிகம் என்று அவர் முனகினால், குறைந்த விகிதத்துக்கான சான்றை வருமான வரித்துறையிடம் அவரே வாங்கித் தரட்டும். ஒப்பந்தத்தில் அவர் சார்பில் வேறொருவர் கையெழுத்திட்டால் அதிகாரப் பத்திரத்தின் நகல் இல்லாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

10 மாத அட்வான்ஸ் பற்றி: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. கூடவே, 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று ஓர் ஓட்டையையும் வைத்திருக்கிறது. நீங்கள் 3 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் அந்த 'வேறு ஒப்பந்தம்'. பேரம் பேசுவதானால் டோக்கனுக்கு முன்பே பேசுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது, அதை ஒப்பந்தத்திலும் ஏற்றிவிடுங்கள். 'பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிக்கப்படும்' என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள், அல்லது தொகையையாவது குறையுங்கள். சாவி வாங்கும் அன்று மின் மீட்டர் ரீடிங்கையும் சுவர்களையும் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வையுங்கள்.

"11 மாத அக்ரிமென்ட், பதிவே வேண்டாம்" என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். அந்த 11 மாதக் கணக்கு சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்கு மட்டும்தான். வாடகைச் சட்டப்படி, எத்தனை மாத ஒப்பந்தமானாலும் 90 நாளுக்குள் துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கென்று அரசு இணையதளமே இருக்கிறது. உரிமையாளர் தட்டிக் கழித்தால் நீங்களே விண்ணப்பியுங்கள்.