அந்தக் குட்டி உங்களுக்குப் பயப்படட்டும்

அன்புள்ள ஐயா,
பெங்களூருவில் ஒரு வனவிலங்கு மறுவாழ்வு மையத்துக்கு ஞாயிறுதோறும் உதவிக்குப் போகிறேன். மின்கம்பியில் அடிபட்டுத் தாய் இறந்துபோன ஒரு குரங்குக்குட்டி அங்கே வந்திருக்கிறது. மையத்தில் என்னை அதைத் தொடவே விடுவதில்லை. பழம் நறுக்கு, கூண்டைக் கழுவு, அவ்வளவுதான். பாசம் காட்ட விடாத இடத்துக்குத் தொடர்ந்து போகத்தான் வேண்டுமா?
க., அல்சூர்

அன்புள்ள க.,

ஞாயிற்றுக்கிழமையும் எழுந்து வேலைக்குப் போகிற உங்கள் மனசு பெரியது. ஆனால் அந்தக் குட்டியைத் தூக்கினால் ஆறப்போவது உங்கள் மனசுதான். உரிமையோடு சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

காற்றடித்த மறுநாளெல்லாம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மரத்திலிருந்து விழுந்த ஓர் அணில்குட்டியின் படம் வந்துவிடும், பக்கத்திலேயே பாலாடையில் பசும்பால். பசும்பால் அதற்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போய்ச் செத்தும் போகலாம். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் இறங்கும். உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடுதான், பால் அப்புறம். காயமில்லாத குட்டியை ஒரு பெட்டியில் துணி விரித்து அது விழுந்த மரத்தடியிலேயே வைத்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள், தாயே வந்து கவ்விக்கொண்டு போகலாம். மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பக்கம் கரும்பு வெட்டும்போது கிடைக்கும் சிறுத்தைக்குட்டிகளைக்கூட அந்தியில் அங்கேயே பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். இருட்டிய பிறகு தாய் வந்து தூக்கிப்போகிறது. நம் ஆட்களுக்கு அந்தப் பொறுமைதான் கிடையாது.

என் சின்ன வயதில் அல்சூரில் பக்கத்து வீட்டு அத்தை ஒரு குரங்குக்குட்டி வளர்த்தார். எந்நேரமும் அவர் இடுப்பில்தான் இருக்கும், தயிர்சாதம் ஊட்டுவார். வளர்ந்ததும் ஒரு பையனைக் கடித்துவிட்டது. முதலில் கயிறு, பிறகு சங்கிலி. ஒருநாள் கூரைமேல் குரங்குக்கூட்டம் வந்தது. அவற்றைப் பார்த்ததும் இது வீறிட்டு அத்தையின் முந்தானைக்குள் புகுந்து நடுங்கியது. தன் இனத்தையே அதற்கு அடையாளம் தெரியவில்லை. அத்தையின் பாசத்தில் ஒரு குறையும் இல்லை, க. அந்தப் பாசம்தான் அதைச் சங்கிலியில் கட்டியது.

நம் பக்கத்து நாட்டுக்குரங்கை வீட்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சரி, சட்டத்தை விடுங்கள். கட்டிக்கொள்ள அந்தக் குட்டிக்கு இன்னொரு குரங்கு வேண்டும். தாயில்லாத குட்டிகளை ஒன்றாகச் சேர்த்து, கூட்டமாக்கி வெளியே விடுவது அதற்காகத்தான். மனிதரைக் கண்டால் மிரண்டு ஓடுகிற குட்டிதான் வெளியே பிழைக்கும்.

போங்கள். பழத்தைக் கிண்ணத்தில் வைக்காமல் இலைதழைக்குள் ஒளித்து வைக்கலாமா என்று அங்கே கேளுங்கள், தேடித் தின்னப் பழகட்டும். அப்புறம், வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூண்டு கழுவுகிறவர்கள் கடிபடும்வரை காத்திருக்கக் கூடாது. அடுத்த ஞாயிறுக்குள் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.