தொட்டியில் நித்தியகல்யாணி ஏன் வாடுகிறது?

தினமும் தண்ணீர் ஊற்றியும் நித்தியகல்யாணி வாடுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் ஊற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். இது மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலத்திலேயே பயிராகிறது. ஈரம் தேங்கினால் வேர் அழுகும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கிவிடும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றினால் செடி போய்விடும். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். செம்மண்ணில் தாராளமாக மணல் கலந்து, நல்ல வெயிலில் வையுங்கள். உரம் கூடினால் இலைதான் மண்டும்.

விதை வேண்டுமென்றால், ஒல்லியான காய் மஞ்சளாகும்போதே பறித்துவிடுங்கள். விட்டால் வெடித்து, எள்ளைவிடச் சின்ன கருப்பு விதைகள் சிதறிவிடும். விதைத்ததும் மண் தூவி மூடுங்கள். இருட்டில்தான் நன்றாக முளைக்கும்.

அப்புறம், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் மருந்து இந்த இலையிலிருந்து வந்ததுதான். ஆனால் சர்க்கரைக்கு நல்லது என்று யார் சொன்னாலும் வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள். செடி முழுக்க நஞ்சு. ஆடுகூட இதைக் கடிக்காது.